வேலை கெடைக்கலன்னா சேர்ந்து பண்ணுங்க, ஆனா கம்பெனி ஆரம்பிக்காதீங்க: பி.ஆர்க், டிசைன் ஃபைனல் இயர் மக்களுக்கு

ஃபைனல் ஜூரி (தீசிஸ வெளியாளுங்க வந்து மதிப்பிடற கடைசி ரிவ்யூ) முடிஞ்ச கொஞ்ச நாள்லயே எல்லா பேட்ச் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரு மெசேஜ் வந்துடும், "மச்சி இத்தன ஆபீசுக்கு போர்ட்ஃபோலியோ அனுப்பிட்டேன், ஒருத்தனும் ரிப்ளை பண்ணல, நாமளே சேர்ந்து ஏதாச்சும் ஆரம்பிச்சா என்ன"ன்னு. நாங்க 2020 பேட்ச், ஜூரியே ஜூம்லதான் நடந்துச்சு, ஆபீஸ்லாம் இருக்கற ஆளுங்களுக்கே சம்பளத்த கொறைச்சிட்டு இருந்த நேரம், அதனால எங்களுக்கு வேற வழியும் இல்ல. ஆர்க்கிடெக்சர் ஆளுங்க, இன்டீரியர் ஆளு, கிராஃபிக்ஸ் ஆளுன்னு சேர்ந்தோம், நல்லாவும் போச்சு, கண்டபடி அடியும் பட்டோம். இப்ப ஜூனியர்ஸ் திரும்பத் திரும்ப அதே கேள்வியத்தான் கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

சென்னைய வெச்சு எழுதறேன். கவுன்சில் (ஆர்க்கிடெக்டுங்கள பதிவு பண்ற கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்) ரூல், இன்கம் டாக்ஸ் எல்லாம் நாடு முழுக்க ஒண்ணுதான், பத்திரத்தாள், பிளான் அப்ரூவல் மட்டும் தமிழ்நாட்டு கணக்கு.

முழுசா படிக்க பொறுமை இல்லாதவங்களுக்கு ஒரே வரி: பேர், லோகோ, இன்ஸ்டா பேஜ், விசிட்டிங் கார்டு இதெல்லாம் கடைசி. மொதல்ல ஒரே ஒரு வேலைய எழுத்துல போட்டு சேர்ந்து முடிங்க, அப்புறம் பாத்துக்கலாம்.

1. காலேஜ் மெயில் ஐடி சாகறதுக்குள்ள எடுக்க வேண்டியது

இத பத்தாவது செமஸ்டர் நடுவுலயே பண்ணிடுங்க. அஞ்சு வருஷ ஸ்டூடியோ ஷீட், தீசிஸ், ரெண்டர் (கம்ப்யூட்டர்ல எடுத்த பில்டிங் படம்) எல்லாம் காலேஜ் குடுத்த கூகுள் டிரைவ்லதான் கெடக்கும், வெளிய வந்ததும் அந்த ஐடிய எப்ப வேணா மூடுவாங்க, உங்ககிட்ட சொல்லிட்டு மூடணும்னு ஒண்ணும் இல்ல. கூகுள் டேக்அவுட் போட்டு மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்க்ல இறக்கிக்கங்க. டீமுக்குன்னு தனியா ஒரு ஜிமெயில் ஆரம்பிங்க, 15 ஜிபி ஃப்ரீ, மொதல் வேலைக்கு அது தாராளம். பாஸ்வேர்டும் ரெக்கவரி நம்பரும் ஒரே ஆள்கிட்ட இருக்கக்கூடாது, ரெண்டு பேர் கையில இருக்கணும்.

அடுத்து சர்டிஃபிகேட். பத்தாவது மார்க்ஷீட் (பொறந்த தேதிக்கு இதத்தான் கேப்பாங்க), எல்லா செமஸ்டர் மார்க்ஷீட், ப்ரொவிஷனல், எல்லாத்தையும் நல்ல ஸ்கேனர்ல கலர்ல ஸ்கேன் பண்ணுங்க. மொபைல் போட்டோல நெழல் விழும், அப்லோட் பண்ணா திருப்பி அனுப்பிடுவாங்க.

நம்ம ஊருக்கே உரிய தலைவலி ஒண்ணு இருக்கு, இனிஷியல். மார்க்ஷீட்ல "கார்த்திக் எஸ்", ஆதார்ல "எஸ் கார்த்திக்", பான் கார்டுல அப்பா பேர் முழுசா விரிஞ்சு சர்நேம் கட்டத்துல ஒக்காந்திருக்கும். கவுன்சில் பதிவு, பேங்க் கேஒய்சி, உத்யம் (சின்ன தொழில் பண்றவங்களுக்கான அரசு பதிவு)னு எங்க போனாலும் இது இடிக்கும். மார்க்ஷீட்ல இருக்கற மாதிரியே ஆதாரையும் பானையும் இப்பவே மாத்திடுங்க, பணம் வர வேண்டிய வாரத்துல இதுக்காக இ-சேவை மையத்துல நிக்கறது கொடுமை.

2. யாரோட சேர்றது

நெருங்கின ஃப்ரெண்டுங்கற ஒரே காரணத்துக்காக சேராதீங்க. தீசிஸ் நேரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு யார் உங்க மாடல வந்து ஒட்டிக் குடுத்தாங்க, யார் "வரேன் வரேன்"னு சொல்லி வராம போனாங்கன்னு உங்களுக்கே தெரியும், அந்த லிஸ்ட் போதும். மூணு பேர் நல்லது, நாலு ஓகே, அஞ்சுக்கு மேல போனா மீட்டிங் மட்டும்தான் நடக்கும்.

எல்லாரும் ஒரே வேலைல கில்லாடியா இருந்தா பிரயோஜனம் இல்ல. மூணு பேரும் சூப்பரா ரெண்டர் எடுப்பாங்க, கொத்தனார்கிட்ட நின்னு லெவல் செக் பண்ண ஒருத்தர் கூட இல்ல, இது ரொம்ப சகஜம். சைட்டுக்கு ஒருத்தர், வொர்க்கிங் டிராயிங்குக்கு (சைட்ல பாத்து கட்டறதுக்கான விவரமான டிராயிங்) ஒருத்தர், கிளையன்ட்கிட்ட பேசறதுக்கும் கணக்குக்கும் ஒருத்தர், இப்படி பிரிச்சு பாருங்க. வேற காலேஜ்ல இருந்தும் எடுக்கலாம், தரமணி நிஃப்ட்லயும் (ஃபேஷன் டிசைன் காலேஜ்) எழும்பூர் கவின் கலைக் கல்லூரிலயும் உங்க வயசுலயே வேலை தேடிட்டு இருக்கற ஆளுங்க இருப்பாங்க, சைனேஜ், ஃபேப்ரிக், கிராஃபிக்ஸ்னா நம்மள விட அவங்க பல மடங்கு மேல.

3. ரெண்டு பக்க ஒப்பந்தம்

இந்தக் கட்டுரைல ஒண்ணே ஒண்ணுதான் செய்வேன்னா இத செய்ங்க. "நமக்குள்ள எதுக்குடா எழுத்து"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார், அவர்கிட்ட மொத கையெழுத்து வாங்குங்க.

வக்கீல் தேவையில்ல, தமிழ்லயே எழுதலாம். 200 ரூபா பத்திரத்தாள்ல டைப் பண்ணி எல்லாரும் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போட்டு, ரெண்டு சாட்சி வாங்கி, ஆளுக்கு ஒரு காப்பி. அதுல இருக்க வேண்டியது:

எந்த வேலைக்கு இந்த ஒப்பந்தம்னு வேலையோட பேர், எடம். "எதிர்காலத்தில் வரும் எல்லா வேலைகளுக்கும்"னு எழுதாதீங்க, அது கழுத்துல சுருக்கு.

பங்கு எப்படி. சமமா பிரிக்கறதுதான் நியாயம்னு மொதல்ல தோணும், மூணாவது மாசம் ஒருத்தர் வேற வேலைக்கு போய்ட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றப்ப அந்த நியாயம் காணாம போய்டும். அதனால ஸ்டேஜ் ஸ்டேஜா பிரிங்க, கான்செப்டுக்கு இவ்ளோ, வொர்க்கிங் டிராயிங்குக்கு இவ்ளோ, சைட் விசிட்டுக்கு இவ்ளோ, எந்த ஸ்டேஜ யார் பண்ணாங்களோ அவங்களுக்கு அந்த ஸ்டேஜ் பணம். வேலைய கொண்டுவந்தவருக்கு தனியா ஏதும் உண்டா இல்லையான்னும் எழுதிடுங்க, சண்டை பாதி இதுலதான் வரும்.

செலவு. பிரின்ட், பெட்ரோல், மாடல் மெட்டீரியல், இதெல்லாம் மொதல்ல வர்ற பணத்துல கழிச்சிட்டு மிச்சத்த பிரிக்கறதா, இல்ல அவங்கவங்க பாத்துக்கறதா. ஒரு ஷீட்ல தேதி, தொகை, யார் குடுத்தது, பில் போட்டோ, அவ்ளோதான், ஆனா அன்னைக்கே எழுதணும்.

பேர் போடறது. பணத்த விட இது பெரிய விஷயம்னு அப்ப புரியாது. நாளைக்கு ஆளாளுக்கு வேலை தேடும்போது அதே பில்டிங் மூணு பேர் போர்ட்ஃபோலியோல வரும், மூணு பேரும் "டிசைன்ட் பை மீ"ன்னு போட்டிருந்தா இன்டர்வியூ எடுக்கறவர் மூணு பேரையும்தான் சந்தேகப்படுவார். "டீம்: அ, ஆ, இ, என் பங்கு: வொர்க்கிங் டிராயிங்"னு ஒரே மாதிரி ஒரு வரிய ஒப்பந்தத்துலயே எழுதி, எல்லாரும் எல்லா எடத்துலயும் அதையே போடணும். 1957 காப்பிரைட் சட்டப்படி, யார் பங்கு எதுன்னு பிரிக்க முடியாத கூட்டு வேலைன்னா எல்லாருமே அதோட ஆசிரியர்தான், அதனால ஒருத்தர் தனியா எடுத்து இன்னொருத்தருக்கு வித்துட முடியாது. தீசிஸ்ல இருந்து யாராவது ஐடியா கொண்டுவந்தா அது அவரோட தனிச்சொத்துன்னு எழுதிடுங்க.

ஃபைல். எடிட் பண்ணக்கூடிய ஒரிஜினல் ஃபைல் வாரம் ஒருமுறை டீம் டிரைவ்ல ஏறணும். லேப்டாப் ரிப்பேர், ஊருக்கு போய்ட்டேன், சார்ஜர் இல்ல, இதெல்லாம் கேட்டு கேட்டு எங்களுக்கு காது புளிச்சு போச்சு. ஃபைல் பேர்ல தேதி வெச்சே சேவ் பண்ணுங்க, "ஃபைனல் ஃபைனல் 2 லேட்டஸ்ட்"னு வெச்சா மேஸ்திரி கைக்கு பழைய டிராயிங்தான் போகும்.

விலகறது. எத்தன நாள் முன்னாடி சொல்லணும், அதுவரைக்கும் செஞ்ச வேலைக்கு பணம் எப்ப வரும்.

4. கவுன்சில் பதிவும் "ஆர்க்கிடெக்ட்"ங்கற வார்த்தையும்

பி.ஆர்க் முடிச்சா ஆர்க்கிடெக்ட் ஆகிட்டோம்னு வீட்ல எல்லாரும் நெனப்பாங்க, நாமளும் இன்ஸ்டா பயோல "ஆர்." போட்டுடுவோம். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு நம்பர் வர்ற வரைக்கும் அந்தப் பட்டத்த போடக்கூடாது, லெட்டர்ஹெட்லயும் கூடாது, டிராயிங் டைட்டில் பிளாக்லயும் கூடாது. அதுவரைக்கும் "டிசைனர்" போட்டுக்கங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. 2020 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதும் இதத்தான், சட்டம் தடுக்கறது அந்தப் பட்டத்த பயன்படுத்தறதத்தான், டிசைன் வேலை செய்றத இல்ல.

பதிவுக்கு ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், ப்ரொவிஷனல் வந்ததுமே பண்ணுங்க, கான்வகேஷனுக்காக காத்திருக்காதீங்க. கட்டணத்த அன்னைக்கு கவுன்சில் சைட்ல போட்டிருக்கற தொகைய பாத்து கட்டுங்க, சீனியர் சொன்ன பழைய தொகைய நம்பாதீங்க. நம்பர் வந்தப்புறம் ரினியூவல் தேதிய போன் காலண்டர்ல போட்டு வைங்க. டீம்ல இருக்கற பி.ஆர்க் ஆளுங்க எல்லாரும் ஒரே நேரத்துல அப்ளை பண்ணிடறது நல்லது, ஏன்னா ஒருத்தருக்கு மட்டும் நம்பர் இருந்தா எல்லா டிராயிங்லயும் அவர் கையெழுத்துதான் விழும், பொறுப்பும் அவர் தலைலதான், ஆனா பணம் மட்டும் சமமா பிரியும். எங்க டீம்ல மொத மனக்கசப்பே இதுல வந்ததுதான்.

இப்ப பெரிய பொறி. ஃபர்ம் பேர்ல "ஆர்க்கிடெக்ட்ஸ்"னு வெக்கணும்னா பார்ட்னர் எல்லாருமே கவுன்சில்ல பதிவு பண்ணவங்களா இருக்கணும். டீம்ல பி.டெஸ் படிச்ச ஃப்ரெண்ட் ஒருத்தர் பார்ட்னரா இருந்தா அந்தப் பேர வெக்க முடியாது. அவர ஓரங்கட்டாதீங்க, பேர மாத்துங்க. "ஸ்டூடியோ"ன்னு வெச்சா பிரச்சன தீந்துச்சு.

5. மொத வேலையும் ஃபீஸும்

மொத வேலை எப்பவுமே யாராவது ஒருத்தரோட சித்தப்பா வீடு. சித்தப்பா ஃபீஸ் குடுக்க மாட்டார், "பேர் கெடைக்கும்ல"ம்பார். சொந்தக்காரரா இருந்தாலும் ஒரு பக்க லெட்டர் குடுத்து கையெழுத்து வாங்குங்க: என்னென்ன செய்வோம், எத்தன தடவ டிசைன் மாத்தித் தருவோம், எத்தன சைட் விசிட், பணம் எப்ப எப்ப.

கவுன்சில் வெளியிட்டிருக்கற ஃபீஸ் விதிமுறைல ஸ்டேஜ் வாரியா சதவீதம் இருக்கு, கான்செப்ட் முடிஞ்சா மொத்த ஃபீஸ்ல 10, பிரிலிமினரி டிசைன் முடிஞ்சா 20, அப்ரூவல் டிராயிங் குடுத்தா 30, அப்ரூவல் வந்ததும் 35 வரைக்கும் வந்திருக்கணும், இப்படி போகும். எல்லாமே அதுவரைக்குமான கூட்டுத்தொகை. அந்த ஃபீஸ் அளவே உங்களுக்கு கெடைக்காது, பரவால்ல, அந்த பிரிப்ப மட்டும் எடுத்துக்கங்க. அட்வான்ஸ் வராம சைட் அளக்க போகாதீங்க. வியூஸ (பில்டிங் எப்படி இருக்கும்னு காட்டற படங்கள) பாத்துட்டு "சூப்பர் தம்பி, அப்புறம் சொல்றேன்"னு போய், அதே வியூவ மேஸ்திரிகிட்ட காட்டி கட்டிக்கறவங்க நெறைய.

தமிழ்நாட்டுல 2024 ஜூலைல இருந்து சுயசான்று முறை இருக்கு, 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரையும் மொத மாடியும் மட்டும் உள்ள வீடுன்னா ஆன்லைன்லயே உடனடி அனுமதி. சித்தப்பா வீடு பெரும்பாலும் இதுக்குள்ள வந்துடும். ஆனா அதுல "விதிப்படிதான் கட்டறேன்"னு உறுதி குடுக்கறது ஓனர், அப்புறம் பக்கத்துல ரெண்டடி இழுத்து கட்டிட்டு உங்கள கை காட்டுவார். பிளான்ல இருந்து மாத்தினா நாங்க பொறுப்பில்லன்னு லெட்டர்ல ஒரு வரி இருக்கட்டும். ஸ்ட்ரக்சுரல் டிசைன நீங்களே போடாதீங்க, அதுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர வெச்சு அவர் ஃபீஸ தனியா ஓனரையே குடுக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, டைல்ஸ் கடை, பிளைவுட் கடைல "சார் உங்களுக்கு ஒரு பர்சன்டேஜ் உண்டு"ம்பாங்க. ஆர்க்கிடெக்டுக்கான 1989 நடத்தை விதிகள் கமிஷன் வாங்கறதயும் குடுக்கறதயும் தடுக்குது. டீம்ல பதிவு இல்லாத டிசைனர் ஒருத்தர் தனியா வாங்கி வெச்சுக்கிட்டாலும் அது ஒருநாள் வெளிய வரும். கடைக்காரர் தர்ற தள்ளுபடி கிளையன்ட் பில்லுலயே கழியட்டும்.

6. பணம் யார் அக்கவுண்டுக்கு வருது

"என் ஜிபேக்கு அனுப்பச் சொல்லு, நான் பிரிச்சு தரேன்." இப்படித்தான் எல்லா டீமும் ஆரம்பிக்குது, சிக்கலும் இங்கதான். ஒரு கம்பெனி கிளையன்ட்னா ப்ரொஃபஷனல் ஃபீஸ்ல 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிச்சு அரசுக்கு கட்டற வரி) புடிப்பாங்க (வருஷத்துக்கு 50,000 ரூபா தாண்டினா), அது அந்த ஒருத்தர் பான்லதான் ஏறும், மொத்த வருமானமும் அவரோடதா காட்டும். அவர் ப்ரொஃபஷனல்சுக்கான 50 சதவீத கணக்குல (வந்த பணத்துல பாதிய லாபம்னு எடுத்துக்கற முறை) ரிட்டர்ன் போட்டா, நாலு லட்சம் வந்து மூணு லட்சத்த ஃப்ரெண்ட்ஸுக்கு பிரிச்சு குடுத்திருந்தாலும் ரெண்டு லட்சம் அவரோட லாபம்னுதான் கணக்கு நிக்கும், ஏன்னா அந்த முறைல செலவ தனியா கழிக்க முடியாது. கைல இருக்கறது ஒரு லட்சம்தான்.

சுலபமான வழி, ஆளாளுக்கு தனித்தனியா பில் போடுங்க. ஆர்க்கிடெக்சர் பில் ஒருத்தர், இன்டீரியர் பில் ஒருத்தர், கிராஃபிக்ஸ் பில் ஒருத்தர். கிளையன்ட் மொதல்ல முனகுவார், ஆரம்பத்துலயே சொல்லிட்டா ஒத்துக்குவார். பில்லுல பேர், பான், தேதி, நம்பர், வேலை விவரம், பேங்க் விவரம் இருந்தா போதும். ஜிஎஸ்டி, வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் சர்வீசுக்கு தேவையில்ல, பதிவு பண்ணாம 18 சதவீதம் சேத்து பில் போட்டுடாதீங்க, அது தப்பு. டிடிஎஸ் புடிச்ச பணம் ரிட்டர்ன் போட்டா திரும்ப வரும், அதனால வருமானம் கம்மிதானேன்னு ரிட்டர்ன் போடாம விடாதீங்க.

உத்யம் பதிவையும் ஆளாளுக்கு எடுத்து வெச்சுக்கங்க. ஆதாரும் பானும் போதும், அரசு சைட்ல ஒரு பைசா கெடையாது, கூகுள்ல மேல வர்ற "உத்யம்" சைட் பாதி பணம் புடுங்கறது. இதனால லாபம் என்னன்னா, 2006 எம்எஸ்எம்இ (சிறு, குறு தொழில்) சட்டப்படி வாங்கினவர் 45 நாளுக்குள்ள பணம் தரணும், இழுத்தா வட்டி. பில்லுக்கு கீழ உத்யம் நம்பர் போட்டா கம்பெனி அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல கொஞ்சம் வேகமா நகருது.

7. சாஃப்ட்வேர்

ஆட்டோடெஸ்க் ஸ்டூடன்ட் லைசன்ஸ் படிப்புக்கு மட்டும்தான், அதுல பண்ணத காசுக்கு வித்தா லைசன்ஸ் மீறல். கிராக் வெர்ஷன் பத்தி நான் பேசல, வைரஸ் வந்து டெண்டருக்கு மொத நாள் ஃபைல் போனவங்கள கேளுங்க. ரைனோல (3டி மாடல் பண்ற சாஃப்ட்வேர்) படிக்கும்போது வாங்கற ஸ்டூடன்ட் லைசன்ஸ காசு வாங்கற வேலைக்கும் வெச்சுக்கலாம், அதனால காலேஜ் ஐடி இருக்கும்போதே வாங்கிடுங்க. பிளெண்டர், க்யூஜிஐஎஸ், இங்க்ஸ்கேப் மூணும் ஃப்ரீ. டீம்ல ஒரே ஒரு பெய்ட் கேட் (சிஏடி, கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற சாஃப்ட்வேர்) லைசன்ஸ், அத வொர்க்கிங் டிராயிங் போடற ஆள் பேர்ல, மாச சந்தாவா, வேலை நடக்கற மாசத்துக்கு மட்டும். இது டீம் செலவுல வரணும்.

8. கைல வேலை இல்லாத மாசங்கள்ல

நாலு பேரும் சேர்ந்து தீசிஸ் ஷோ ஒண்ணு வைங்க. கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமில கேலரி வாடகைக்கு அப்ளை பண்ணலாம், தேதி கெடைக்க நாளாகும், அதனால ஜூரிக்கு முன்னாடியே விசாரிச்சு வைங்க. முடியலன்னா தெரிஞ்ச காபி கடை சுவரு, காலேஜ் காரிடார், எதுவும் ஓகே. ஏ1 ஷீட்ட அப்படியே மாட்டாதீங்க, வெளியாளுக்கு ஒண்ணும் புரியாது, மாடல், ஒரு பெரிய படம், நாலு வரி தமிழ்ல. தீசிஸ் விருதுக்கு அனுப்பறவங்க கவுன்சில் நடத்தற தேசிய தீசிஸ் விருதுக்கு காலேஜ் மூலமாத்தான் என்ட்ரி போகும்ங்கறத ஞாபகம் வைங்க, ஹெச்ஓடிய முன்னாடியே புடிங்க. ஃபீஸ் கேக்கற ஆன்லைன் போட்டிகள்ல பாதி, சர்டிஃபிகேட் வியாபாரம்.

9. ஃபர்ம் பதிவு எப்ப

ரெண்டு மூணு வேலை முழுசா முடிஞ்சு, பணம் பிரிச்சு, இன்னும் பேசிக்கிட்டு இருந்தீங்கன்னா அப்ப. பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கு லாபத்துல நேரா 30 சதவீதம் வரி, ஆனா தனித்தனியா சம்பாதிச்சா இன்கம் டாக்ஸ் புது முறைல 12 லட்சம் வரைக்கும் வரியே இல்ல, அதனால சின்ன டீமுக்கு அவசரமே இல்ல. பார்ட்னர் சம்பளம்னு எழுதி ஃபர்ம் லாபத்த கொறைக்கலாம், அந்த வாசகம் டீட்லயே (பார்ட்னர்ஷிப் பத்திரம்) இருக்கணும், டெம்ப்ளேட் டீட்ல பல சமயம் இருக்காது, ஆடிட்டர்கிட்ட காட்டிட்டு கையெழுத்து போடுங்க. 1932 பார்ட்னர்ஷிப் சட்டப்படி பதிவு கட்டாயம் இல்ல, ஆனா பதிவு பண்ணாத ஃபர்ம், பணம் தராத கிளையன்ட் மேல அந்த கான்ட்ராக்ட வெச்சு கேஸ் போட முடியாது. அதனால டீட் போட்டா பதிவும் பண்ணிடுங்க. ஃபர்முக்கு தனி பான், அப்புறம் கரன்ட் அக்கவுண்ட், மினிமம் பேலன்ஸ் எவ்ளோன்னு கேட்டுட்டு பேங்க் செலக்ட் பண்ணுங்க.

ஆபீஸ் வாடகைக்கு எடுக்காதீங்க. யார் வீட்டு மாடிலயாவது ஒரு ரூம், அந்த வீட்டு அம்மாவுக்கு மாசம் ஒரு தொகை கரன்ட் பில்லுக்கு.

10. ஒருத்தர் கெளம்பும்போது

கெளம்புவாங்க. மாஸ்டர்ஸ், கல்யாணம், பெங்களூர்ல நல்ல வேலை, எதுனாலும். கோச்சுக்காதீங்க, அதுக்குத்தான் மூணாவது ஸ்டெப்ல விலகறது பத்தின அந்த வரி. அவர் டீம்ல என்ன பண்ணார், எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும்னு ஒரு லெட்டர் எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டு குடுங்க, மாஸ்டர்ஸ் அப்ளிகேஷனுக்கும் அடுத்த ஆபீசுக்கும் அது உதவும். ஃபைல், பாஸ்வேர்ட், கிளையன்ட் நம்பர் கைமாறினதும் அவர டிரைவ்ல இருந்து எடுங்க, பாக்கிய அவர் அக்கவுண்டுக்கு அனுப்புங்க, "டிரீட்ல கழிச்சுக்கலாம்"னு விடாதீங்க.

வேலைக்கு போறவர் ஆஃபர் லெட்டர முழுசா படிக்கணும், வெளி வேலை செய்யக்கூடாதுன்னு நெறைய ஆபீஸ் போட்டிருப்பாங்க. பாதில நிக்கற சைட் இருந்தா சேர்றதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட சொல்லி, எந்தத் தேதிக்குள்ள முடிக்கறேன்னு மெயில்ல எழுதி வாங்கிக்கங்க. அந்த வீட்டு ஓனருக்கும் அதே நாள் போன் பண்ணி, இனிமே யார்கிட்ட பேசணும்னு சொல்லிடுங்க.